பர்சனல் டிரெய்னர் சான்றிதழுக்கு முன் கற்க வேண்டிய அடிப்படைகள்: முழுமையான வழிகாட்டி

ஐம்பத்திரண்டு வயதுப் பெண் ஒருவர் ஜிம்மில் சேர வருகிறார். ரத்த அழுத்தத்துக்குத் தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். மாடிப்படி ஏறினால் வலது முழங்கால் வலிக்கிறது. ஆறு மாதத்தில் எட்டுக் கிலோ எடை குறைய வேண்டும் என்கிறார். பயிற்சியாளர் முதலில் செய்ய வேண்டியது என்ன? டிரெட்மில்லில் நடக்கவிட்டு இதயத் துடிப்பைப் பார்ப்பதா, ஸ்குவாட் செய்யச் சொல்லி முழங்காலைக் கவனிப்பதா, உணவுப் பட்டியல் எழுதித் தருவதா, அல்லது உடல்நலக் கேள்வித்தாளை நிரப்பவைத்து அவரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டுமா என்று முடிவெடுப்பதா? பர்சனல் டிரெய்னர் சான்றிதழ்த் தேர்வுகளில் இந்த வடிவத்தில் வரும் கேள்விகள் ஏராளம். இந்தக் கேள்விக்கு விடை கடைசியாகச் சொன்னதுதான்.

பல ஆண்டுகள் பயிற்சி செய்து உடலை நன்றாக வளர்த்தவர்களும், நண்பர்களுக்குச் சொல்லிக்கொடுத்துப் பழகியவர்களும்கூட இத்தகைய கேள்வியில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஸ்குவாட் எப்படிச் செய்வது என்பது அவர்களுக்கு மிக நன்றாகத் தெரியும். எதிரில் நிற்கும் இந்த மனிதருக்கு அது ஏன், எவ்வளவு, எந்த வடிவத்தில் என்று கேட்டால் பதில் வராது. சான்றிதழ்ப் படிப்பு கற்றுத்தர முயல்வது அந்த ‘ஏன்’ என்பதைத்தான். ஆகவே எந்த நிறுவனத்தில் சேர்வது என்பதைக் காட்டிலும், எதை எந்த வரிசையில் கற்பது என்பதற்கே இங்கே அதிக இடம் தருகிறேன்.

முதல் படி: சான்றிதழும் அதற்கான தகுதியும்

உலக அளவில் அறியப்பட்ட சான்றிதழ்களை வழங்கும் அமைப்புகள் பெரும்பாலும் அமெரிக்காவைச் சேர்ந்தவை. 1954இல் தொடங்கிய அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின், 1978இல் தொடங்கிய நேஷனல் ஸ்ட்ரெங்த் அண்ட் கண்டிஷனிங் அசோசியேஷன், 1985இல் தொடங்கிய அமெரிக்கன் கவுன்சில் ஆன் எக்சர்சைஸ், 1987இல் தொடங்கிய நேஷனல் அகாடமி ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் ஆகிய நான்கும் அவற்றில் முக்கியமானவை. கடைசி இரண்டையும் ஜிம் வட்டாரத்தில் ஏஸ் என்றும் நாசம் என்றும் சுருக்கிச் சொல்வார்கள். இந்தியாவில் தேசியத் திறன் மேம்பாட்டு அமைப்பின் கீழ், விளையாட்டு மற்றும் ஃபிட்னஸ் துறைக்கென உள்ள திறன் கவுன்சில் ஃபிட்னஸ் டிரெய்னர் பணிக்கான தரநிலையை வகுத்திருக்கிறது.

வெளிநாட்டுச் சான்றிதழ்களுக்கான நுழைவுத் தகுதி பெரிதல்ல. பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும்; பள்ளிப் படிப்பை முடித்திருப்பது நல்லது, சில அமைப்புகள் அதைக் கட்டாயமாகக் கேட்கின்றன; இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தித் தரும் சி.பி.ஆர். முதலுதவியிலும், இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் ஏ.இ.டி. கருவியிலும் பயிற்சி பெற்றதற்கான நடப்புச் சான்று வேண்டும். ஏஸ் தேர்வில் மூன்று மணி நேரத்தில் 150 கேள்விகள். கண்காணிப்புடன் நடக்கும் நாசம் தேர்வில் இரண்டு மணி நேரத்தில் 120 கேள்விகள். எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள்தான். ஏதேனும் ஒரு சான்றிதழுக்குப் பணம் கட்டும் முன், அதற்கு என்.சி.சி.ஏ. என்ற தர அங்கீகாரம் உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வார இறுதி இரண்டு நாளில் முடித்து, கடைசியில் எல்லோருக்கும் சான்றிதழ் தரும் வகுப்புகள் ஊருக்கு ஊர் உண்டு. அந்தத் தாளுக்கு மதிப்பு இருக்கிறதா என்பதை, அதில் தோல்வியடைய வழி இருக்கிறதா என்று கேட்டாலே கண்டுகொள்ளலாம்.

இரண்டாம் படி: உடலின் அமைப்பும் அசைவும்

படிப்பைத் தொடங்க வேண்டிய இடம் இதுதான். வளர்ந்த மனித உடலில் 206 எலும்புகளும், எலும்புகளை அசைக்கும் அறுநூறுக்கு மேற்பட்ட தசைகளும் உள்ளன. அத்தனையையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பெரிய மூட்டுகள் ஒவ்வொன்றும் எந்தத் திசைகளில் அசையும், அந்த அசைவை நடத்தும் தசை எது, அதற்கு எதிராக இழுக்கும் தசை எது என்ற மூன்றையும் தெளிவாகச் சொல்ல முடிந்தால் போதும். தசையை எலும்போடு இணைப்பது தசைநாண் என்பதையும், எலும்பை எலும்போடு இணைப்பது தசைநார் என்பதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. தசைக்கு உள்ள அளவு ரத்த ஓட்டம் இவை இரண்டுக்கும் இல்லாததால் இவை மெதுவாகவே வலுப்பெறுகின்றன. புதிதாக வந்தவரின் தசை மூன்று வாரத்தில் தயார் என்று சொன்னாலும், அவருடைய முழங்காலும் தோளும் இன்னும் தயாராகவில்லை என்பதற்கு இதுவே காரணம்.

பெயர்கள் லத்தீன், கிரேக்க மூலத்தவை என்பதால் தமிழ் வழியில் படித்தவர்கள் மிரள்வது இயல்பு. ஆனால் அந்தப் பெயர்களிலேயே பாதி விடை இருக்கிறது. பைசெப்ஸ் என்றால் இரண்டு தலை, டிரைசெப்ஸ் என்றால் மூன்று, குவாட்ரிசெப்ஸ் என்றால் நான்கு. உடலின் நடுக்கோட்டை நோக்கிக் கொண்டுவருவது அடக்‌ஷன். ஆங்கிலத்தில் ‘ஆட்’ என்றால் சேர்ப்பது என்று நினைவில் வைத்துக்கொண்டால், நடுக்கோட்டை விட்டு விலக்குவதாகிய அப்டக்‌ஷனோடு குழப்பம் வராது. மடக்குவது ஃபிளெக்‌ஷன், நீட்டுவது எக்ஸ்டென்‌ஷன். இவற்றைப் புத்தகத்தில் படிப்பதோடு நிறுத்தாமல், கண்ணாடி முன் நின்று கையைத் தூக்கியபடி வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும்.

தேர்வில் பலர் வழுக்கும் ஓர் இடம் உண்டு. டம்பெல்லைப் பிடித்து முழங்கையை மடக்கி மேலே தூக்கும்போது பைசெப்ஸ் சுருங்கி வேலை செய்கிறது. இது கான்சென்ட்ரிக் செயல். அதே டம்பெல்லை மெதுவாகக் கீழே இறக்கும்போது வேலை செய்வது எந்தத் தசை? கை நீள்கிறது, ஆகவே டிரைசெப்ஸ் என்று விடை எழுதுகிறவர்கள் பலர். மற்றக் கையின் விரல்களை மேற்கையின் முன்புறத்தில் வைத்துக்கொண்டு டம்பெல்லை மெதுவாக இறக்கிப் பார்த்தால் உண்மை புரியும். பைசெப்ஸ் தளராமல் கல்லைப்போல் இறுகியிருக்கும், பின்புறத் தசை மென்மையாகவே இருக்கும். டம்பெல்லைக் கீழே இழுப்பது புவியீர்ப்பு. பைசெப்ஸ் நீண்டபடியே அதற்குப் பிரேக் போடுகிறது. இதுதான் எக்சென்ட்ரிக் செயல். கடினப் பயிற்சி செய்த மறுநாளும் அதற்கு மறுநாளும் வரும் வலிக்கு இந்தச் செயலே பெரும் காரணம். மலையிலிருந்து இறங்கியவருக்கு ஏறும்போது வராத தொடை வலி வருவதும் இதனால்தான்.

அசைவைப் பார்த்துப் படிக்கும் கண்ணும் இந்தக் கட்டத்திலேயே பழக வேண்டும். நம் ஊரில் பஸ்கி என்று சொல்லிவந்த ஸ்குவாட்டையே எடுத்துக்கொள்வோம். ஒருவரைச் செருப்பில்லாமல் நிற்கவைத்து, கைகளை மேலே தூக்கச் சொல்லி, நாற்காலியில் உட்காரும் உயரத்துக்கு ஐந்து முறை இறங்கி எழச் சொல்லுங்கள். முதலில் குதிகாலைப் பாருங்கள். அது தரையை விட்டு எழுந்தால் கணுக்கால் போதிய அளவு மடங்கவில்லை என்று சந்தேகிக்கலாம். பல ஆண்டுகளாகக் குந்தி உட்காரும் வழக்கத்தையே விட்டுவிட்டவர்களிடம் இதை அடிக்கடி காணலாம். குதிகாலுக்குக் கீழே இரண்டரைக் கிலோ பிளேட் ஒவ்வொன்றை வைத்து மறுபடி செய்யச் சொன்னால், அசைவு சட்டென்று சீராகிறதா என்பதைக் கொண்டு சந்தேகத்தைச் சோதித்துக்கொள்ளலாம். அடுத்து முழங்காலைப் பாருங்கள். இரண்டும் உள்நோக்கிச் சாய்ந்தால், இடுப்பின் பக்கவாட்டில் உள்ள குளூட்டியஸ் மீடியஸ் தன் வேலையைச் செய்யவில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். பிறகு பக்கவாட்டில் போய் நின்று முதுகைப் பாருங்கள். முன்னாலிருந்து மட்டும் பார்க்கிறவருக்கு முதுகு வளைவது தெரியவே தெரியாது. ஒவ்வொரு குறையையும் ஒரு தசையின் பெயரோடு முடிச்சுப் போட்டுவிடும் அவசரம் மட்டும் கூடாது. ஒரே தோற்றத்துக்குப் பல காரணங்கள் இருக்கலாம்.

மூன்றாம் படி: ஆற்றலும் இதயமும்

தசை நேரடியாகப் பயன்படுத்தும் எரிபொருள் ஏ.டி.பி. என்ற மூலக்கூறு. உடலில் இதன் இருப்பு சில விநாடிகளுக்கே போதுமானது என்பதால், அதைத் திரும்பத் திரும்ப உருவாக்க மூன்று வழிகள் இயங்குகின்றன. நூறு மீட்டர் ஓட்டத்தைப்போல் பத்து விநாடி அளவில் முடியும் முழு முயற்சிக்குக் கிரியேட்டின் பாஸ்பேட் கைகொடுக்கிறது. அதைத் தாண்டி ஓரிரு நிமிடம் நீளும் கடும் உழைப்புக்குக் குளுக்கோஸ் ஆக்சிஜன் இல்லாமலே சிதைக்கப்படுகிறது. அதற்கும் மேல் நீண்டால் ஆக்சிஜனைக் கொண்டு கார்போஹைட்ரேட்டையும் கொழுப்பையும் எரிக்கும் வழி முன்னுக்கு வருகிறது. மூன்றும் எப்போதும் சேர்ந்தே இயங்குகின்றன. எது மேலோங்குகிறது என்பதுதான் மாறும். கிரியேட்டின் பாஸ்பேட் ஏறக்குறைய முழுமையாக மீள மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும் என்பதை அறிந்தவர், கனமான எடை தூக்கியவரை அரை நிமிடத்தில் அடுத்த செட்டுக்கு விரட்ட மாட்டார்.

இதயத் துடிப்புக் கணக்கைக் கைப்பழக்கமாகவே ஆக்கிக்கொள்ள வேண்டும். அதிகபட்சத் துடிப்புக்கு 220இலிருந்து வயதைக் கழிக்கும் பழைய முறையும், 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கும் முறையும் உள்ளன. எழுபது வயதுக்காரருக்கு முதல் முறை 150 என்றும் இரண்டாவது 159 என்றும் காட்டுவதிலிருந்தே, இரண்டும் மதிப்பீடுகள்தான் என்பது விளங்கும். அடுத்துக் கார்வோனன் முறை. நாற்பது வயதுக்காரரின் ஓய்வுத் துடிப்பு 70 என்றால், அதிகபட்சமான 180இலிருந்து அதைக் கழிக்கக் கிடைக்கும் 110 அவருடைய கையிருப்பு. மிதமான உழைப்புக்குக் கையிருப்பில் ஏறக்குறைய 40 முதல் 60 சதவீதம் வரை எடுத்து, ஓய்வுத் துடிப்பை மறுபடி கூட்டினால் 114 முதல் 136 வரை வரும். நாடியை ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும் பார்க்க வேண்டும். கட்டைவிரலுக்குத் தனித் துடிப்பு இருப்பதால் அதை வைத்து எண்ணினால் கணக்கு தவறிவிடும்.

இந்த எண்கள் பொய்யாகிவிடும் இடமும் தெரிந்திருக்க வேண்டும். பீட்டா பிளாக்கர் வகை ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவரின் இதயத் துடிப்பு, எவ்வளவு உழைத்தாலும் சூத்திரம் சொல்லும் அளவுக்கு உயராது. அவரை 136க்குக் கொண்டுவரப் பார்ப்பது ஆபத்து. அவரிடம் எவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதைப் பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் மதிப்பிடச் சொல்லலாம். அல்லது பேச்சுச் சோதனையை நம்பலாம். நடந்தபடி முழு வாக்கியமாகப் பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அதுவே மிதமான உழைப்பு.

நான்காம் படி: பயிற்சிக்கு முந்தைய உடல்நலக் கேள்விகள்

தனிப்பட்ட முறையில், மற்ற எல்லாவற்றையும்விட நான் அதிகம் வலியுறுத்தும் பகுதி இது. உலகெங்கும் பயன்படும் பார்-கியூ பிளஸ் என்ற கேள்வித்தாளின் முதல் பக்கத்தில் ஏழு கேள்விகள் இருக்கும்: இதய நோய் அல்லது உயர் ரத்த அழுத்தம், நெஞ்சுவலி, தலைசுற்றலும் மயக்கமும், வேறு நாள்பட்ட நோய், சாப்பிட்டுவரும் மருந்துகள், எலும்பு மூட்டுப் பிரச்சினை, மருத்துவக் கண்காணிப்பில்தான் உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறாரா என்பது. ஒன்றுக்கேனும் ‘ஆம்’ என்று பதில் வந்தால் அடுத்தடுத்த கேள்விகளுக்குப் போக வேண்டும். அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் 2015இல் திருத்திய வழிமுறை மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: இப்போது அவர் வழக்கமாக உடற்பயிற்சி செய்கிறாரா, இதயம், வளர்சிதைமாற்றம், சிறுநீரகம் சார்ந்த நோயோ அறிகுறியோ உண்டா, எந்தத் தீவிரத்தில் பயிற்சி செய்ய விரும்புகிறார்.

படிவத்தைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறவருக்கு உண்மை கிடைக்காது. ஒரு முறை ஏழு கேள்விக்கும் ‘இல்லை’ என்று டிக் செய்து கொடுத்த ஓர் அம்மாவிடம், உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன்.

“மாத்திரை ஏதாவது போடுறீங்களாம்மா?”

“பிரஷருக்கு ஒண்ணு, காலையில. மாத்திரை போட்டா நார்மலாத்தானே தம்பி இருக்கு, அதான் இல்லைன்னு போட்டேன்.”

அவர் பொய் சொல்லவில்லை. கட்டுக்குள் இருக்கும் நோயை நம் மக்கள் நோயாகவே எண்ணுவதில்லை. ஆகவே ‘உங்களுக்கு நோய் உண்டா’ என்று கேட்பதோடு நிறுத்தாமல், ‘காலையில் எழுந்ததும் என்ன சாப்பிடுவீர்கள், சாப்பாட்டுக்கு முன் மாத்திரை உண்டா, கடைசியாக எப்போது ரத்தப் பரிசோதனை செய்தீர்கள்’ என்று அன்றாடத்தின் வழியே கேட்க வேண்டும். மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்வது இன்னும் நல்லது.

நீரிழிவைப் பற்றித் தனியாகவே படிக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான இண்டியாப் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. இங்கே வேலை செய்யும் எந்தப் பயிற்சியாளரும் அவர்களைச் சந்திக்காமல் இருக்க முடியாது. இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் பயிற்சியின்போதும், சில மணி நேரம் கழித்தும் சர்க்கரை அளவு சட்டென்று இறங்கலாம். அளவு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் பயிற்சியைத் தொடங்கக் கூடாது. கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, பேச்சில் தடுமாற்றம் தெரிந்தால் உடனே நிறுத்தி, அவர் விழிப்போடு இருக்கும்போதே மூன்று தேக்கரண்டி சர்க்கரை கரைத்த நீரைக் கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் மறுபடி சோதிக்க வேண்டும். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

ஐந்தாம் படி: அளவெடுத்தல்

சோதனைகளில் வரிசை முக்கியம். ஓய்வு நாடியையும் ரத்த அழுத்தத்தையும் முதலில், அவர் ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகே எடுக்க வேண்டும். ஓய்வு அழுத்தம் 200/110ஐத் தாண்டியிருந்தால் அன்று எந்தச் சோதனையும் வேண்டாம். பிறகு உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு, அசைவுச் சோதனை, கடைசியில் களைப்பூட்டும் சோதனைகள். உடல் நிறை குறியீட்டெண்ணில் வெளிநாட்டுப் புத்தகங்கள் 25க்கு மேல் அதிக எடை, 30க்கு மேல் உடல் பருமன் என்று சொல்லும். இந்தியர்களுக்கு அந்த எல்லைகள் 23, 25 எனக் குறைக்கப்பட்டுள்ளன. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டக் கூடாது. தேர்வில் புத்தகத்தின் எண்ணை எழுதுங்கள். ஜிம்மில் நம் எண்ணைப் பயன்படுத்துங்கள்.

இதயத் திறனுக்கு மூன்று நிமிடப் படிச் சோதனை எளிது: 30.5 சென்டிமீட்டர் உயரப் படி, நிமிடத்துக்கு 96 தட்டு என்ற தாளத்தில் ஏறி இறங்கி, முடிந்ததும் உட்காரவைத்து ஒரு நிமிடம் நாடி எண்ண வேண்டும். ஆனால் முழங்கால் வலிக்கிறது என்று சொன்னவரைப் படியில் ஏற்றக் கூடாது, அவருக்கு 1.6 கிலோமீட்டர் நடைச் சோதனையே பொருத்தம். எல்லாச் சோதனையையும் எல்லோருக்கும் செய்வதில் பயனில்லை. கிடைக்கும் எண் திட்டத்தில் எதையாவது மாற்றுமா என்று கேட்டுக்கொண்டு, மாற்றாது என்றால் விட்டுவிடலாம்.

ஆறாம் படி: பயிற்சித் திட்டம் வகுத்தல்

‘மூணு செட், பத்து ரெப்ஸ்’, அதாவது பத்து முறை வீதம் மூன்று சுற்று, என்பது எல்லா ஜிம்மிலும் கேட்கும் வாசகம். இதன் வேர் அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்டுத் திரும்பிய வீரர்களின் கால்களை வலுப்படுத்தச் சிகாகோவில் பணியாற்றிய மருத்துவர் தாமஸ் டிலார்ம், படிப்படியாகக் கூடும் எடையைப் பயன்படுத்தினார். 1948இல் அவரும் ஆர்தர் வாட்கின்ஸும் சொன்ன முறை இது: ஒருவர் பத்து முறை மட்டுமே தூக்கக்கூடிய எடையில் பாதியைக் கொண்டு முதல் செட், முக்காலைக் கொண்டு இரண்டாவது, முழு எடையைக் கொண்டு மூன்றாவது. இன்று எண்ணிக்கை மட்டும் நிலைத்துவிட்டது. எடை கூடிக்கொண்டே போக வேண்டும் என்ற உயிர்நாடி பல இடங்களில் காணாமல் போய்விட்டது. ஆறு மாதமாக ஒரே பத்துக் கிலோ டம்பெல்லைத் தூக்குகிறவரின் உடலுக்கு மாற வேண்டிய காரணமே இல்லை.

ஒருவர் ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய உச்ச எடையை ஒன் ரெப் மேக்ஸ் என்பார்கள். பலம் பெருக அதில் 85 சதவீதமும் அதற்கு மேலும் வைத்து ஆறு முறைக்குள். தசை பெருக ஏறக்குறைய 67 முதல் 85 சதவீதம் வைத்து ஆறு முதல் பன்னிரண்டு முறை. தாங்குதிறனுக்கு அதற்குக் கீழே வைத்துப் பன்னிரண்டு முறைக்கு மேல் என்பது பாடநூல் வரையறை. புதியவரிடம் உச்ச எடையை நேரடியாகச் சோதிக்க வேண்டாம். அவர் 40 கிலோவைச் சரியான வடிவத்தில் பத்து முறை தூக்கினால், பத்தை முப்பதால் வகுத்து ஒன்றைக் கூட்டி 40ஆல் பெருக்க, ஏறக்குறைய 53 கிலோ என்ற மதிப்பீடு கிடைக்கும். அதில் 70 சதவீதம் 37 கிலோ; அங்கிருந்து தொடங்கலாம். எடையை எப்போது கூட்டுவது என்பதற்கு ‘இரண்டுக்கு இரண்டு’ விதி உதவும்: அடுத்தடுத்த இரண்டு பயிற்சி நாட்களில், கடைசி செட்டில் இலக்கைவிட இரண்டு முறை அதிகமாகச் செய்ய முடிந்தால் எடையைக் கூட்டலாம்.

பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சியும் தேவை என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரை. எல்லாத் திட்டமும் படிப்படியாக இந்த அளவை நோக்கிப் போக வேண்டும். தொடக்கத்தில் சொன்ன பெண்ணுக்கு, மருத்துவர் முழங்காலைப் பார்த்து அனுமதி தந்த பிறகு, முதல் நான்கு வாரம் எப்படி இருக்கலாம்? வாரம் ஐந்து நாள் பேச முடிகிற வேகத்தில் பதினைந்து நிமிட நடை. வாரம் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுதல், சுவரில் கை ஊன்றித் தண்டால், ரப்பர் பேண்டை இழுத்தல், தரையில் படுத்து இடுப்பைத் தூக்கும் பிரிட்ஜ் ஆகிய நான்கும் இரண்டு செட். மூச்சை அடக்காமல், எழும்போது வெளியே விடச் சொல்ல வேண்டும். அடக்கினால் ரத்த அழுத்தம் திடீரென ஏறும். ஐந்தாவது வாரம் நடை இருபத்தைந்து நிமிடமாகும், நாற்காலியின் உயரம் சற்றுக் குறையும். பார்வைக்கு எளிய திட்டம்தான். இதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் காரணம் சொல்ல முடிகிறதா என்பதே பயிற்சியாளரின் சோதனை.

முதல் நாளிலேயே ஆளைச் சாய்த்துவிடும் பழக்கத்தை இங்கேயே கைவிட வேண்டும். உடல் பழகாத அளவுக்கு வேலை வாங்கினால் தசை இழைகள் சிதைந்து ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும் ராப்டோமயோலிசிஸ் வரலாம். பயிற்சிக்குப் பின் சிறுநீர் கோலா நிறத்தில் போனால் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதை ஒவ்வொரு கிளையன்டுக்கும் சொல்லிவைப்பது நல்லது.

ஏழாம் படி: உணவில் எல்லைக்கோடு

கார்போஹைட்ரேட்டுக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு நான்கு கலோரி, கொழுப்புக்கு ஒன்பது என்ற அடிப்படையும், லேபிள் படிக்கும் திறனும் பயிற்சியாளருக்கு வேண்டும். இந்தியப் பரிந்துரைப்படி பெரியவர்களுக்குக் கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு அது ஐம்பது கிராம். பொதுவான இந்த அறிவைச் சொல்லித்தரலாம். ஆனால் நீரிழிவு உள்ளவருக்கோ சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கோ தனி உணவுத் திட்டம் எழுதுவது உணவியல் நிபுணரின் வேலை. நோயைக் கண்டறிவதும் மருந்தை நிறுத்தச் சொல்வதும் மருத்துவரின் வேலை. ஸ்டீராய்டு ஊசிகள் மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதவை. அவற்றை வாங்கித் தருகிறவர் எவ்வளவு பெரிய உடலோடு இருந்தாலும் பயிற்சியாளர் என்ற பெயருக்கு உரியவர் அல்லர்.

எட்டாம் படி: பேச்சு, தொடுதல், அவசரம்

உளவியலாளர்களான புரோசாஸ்காவும் டிகிளெமென்ட்டேயும் வகுத்த மாற்ற நிலைகளைத் தேர்வுக்குக் கட்டாயம் படிக்க வேண்டும். மாறும் எண்ணமே இல்லாதவர், யோசிக்கிறவர், தயாராகிறவர், தொடங்கியவர், ஆறு மாதத்துக்கு மேல் தொடர்கிறவர் என்று ஐவரிடமும் ஒரே மாதிரி பேச முடியாது. இன்னும் யோசித்துக்கொண்டிருப்பவரிடம் அட்டவணையை நீட்டினால் அவர் மறுநாள் வர மாட்டார்.

கிளையன்டைத் தொட்டுத் திருத்தும் முன் ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்க வேண்டும். ‘அக்கா, தோளில் கை வைத்துக் காட்டட்டுமா?’ என்று கேட்க இரண்டு விநாடிதான் ஆகும். அவர் தயங்கினால், தானே செய்துகாட்டியோ சொல்லாலோ திருத்தலாம். அவர் சொன்ன உடல்நல விவரங்களை மற்ற கிளையன்டுகளிடம் பேசவே கூடாது.

சி.பி.ஆர். பயிற்சியைக் காணொளியில் பார்த்துக் கற்க முடியாது. பொம்மையின் மார்பை நேரில் அழுத்திப் பழக வேண்டும். பெரியவர்களுக்கு ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழத்தில், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. பொம்மையின் மீது இரண்டு நிமிடம் அழுத்தியவருக்குத்தான், அது எவ்வளவு களைப்பூட்டும் வேலை என்பதும், ஏன் இன்னொருவர் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதும் தெரியும். ஜிம்மில் 108க்கு அழைப்பவர் யார், ஏ.இ.டி. கருவி இருந்தால் அது எந்த இடத்தில் இருக்கிறது, லிஃப்டைப் பிடித்து வைப்பவர் யார் என்று முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும்.

ஒன்பதாம் படி: படிக்கும் முறை

வேலைக்குப் போகிறவர் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால், நான்கு முதல் ஆறு மாதம் தேவைப்படும் என்பது என் கணிப்பு. முதல் இரண்டு மாதத்தை உடலமைப்புக்கும் உடலியங்கியலுக்கும், அடுத்த இரண்டை முன்பரிசோதனைக்கும் திட்டம் வகுத்தலுக்கும், மீதியை மாதிரித் தேர்வுகளுக்கும் தரலாம். கேள்விகள் ஆங்கிலத்தில் வரும். ஆனால் புரிந்துகொள்வது தமிழில் நடக்கட்டும். ஒரு பக்கம் படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, வீட்டில் இருப்பவரிடம் அதைத் தமிழில் விளக்கிப் பாருங்கள். எங்கே வாக்கியம் தடைப்படுகிறதோ அங்கேதான் புரியவில்லை. மாதிரித் தேர்வில் தவறிய கேள்விகளுக்குத் தனி நோட்டுப் போட்டு, சரியான விடையோடு மற்ற மூன்றும் ஏன் தவறு என்பதையும் எழுதுங்கள். ‘முதலில்’, ‘மிகவும் பொருத்தமான’, ‘தவிர’ போன்ற சொற்கள் கேள்வியில் வந்தால் கோடிட்டுக்கொள்ளும் பழக்கம் பல மதிப்பெண்களைக் காப்பாற்றும்.

தேர்வுக்கு முன்பே வயதிலும் உடலிலும் வேறுபட்ட மூன்று பேரை, அம்மா, நண்பர், பக்கத்து வீட்டு மாமா என யாரையேனும், பணம் வாங்காமல் அமரவைத்து, கேள்வித்தாளிலிருந்து நான்கு வாரத் திட்டம் வரை முழுமையாகச் செய்து பாருங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தாள், தேதியோடு, அவர் சொன்ன சொற்களிலேயே அவருடைய குறை. சான்றிதழ் கைக்கு வந்த பிறகு, ஏஸ், நாசம் இரண்டிலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, இருபது மணி நேரத் தொடர்கல்விக்கான சான்றோடு புதுப்பிக்க வேண்டும், சி.பி.ஆர். சான்றும் காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். இரண்டு தேதிகளையும் அந்தத் தாள்கள் இருக்கும் கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.